நான்கு படங்களின் மேல் நான்கு படங்கள்

ஜெர்மன் ஓவியர் கெர்ஹார்ட் ரிக்டர் 2014இல் முடித்த ‘பிர்கெனாவ்’ நான்கு கேன்வாஸ்களால் ஆன வரிசை. ஒவ்வொன்றும் 260 செ.மீ. உயரம், 200 செ.மீ. அகலம். கருப்பும் வெள்ளையும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போனதில் உண்டான பலவிதச் சாம்பல். அதனிடையே சிவப்பு, பச்சை. மேலிருந்து கீழாகவும் பக்கவாட்டிலும் வண்ணம் இழுபட்டிருக்கிறது. இழுபட்ட இடத்தில் பிய்ந்திருக்கிறது. பிய்ந்த இடத்தில் முந்தைய பூச்சு தலைகாட்டுகிறது. மனித உருவம் ஒன்றுகூட இல்லை. மரமில்லை, வேலியில்லை, புகையில்லை. தலைப்பை மறைத்துவிட்டால் இந்தப் படங்களை ஒரு பெரிய வங்கியின் வரவேற்பறையில் மாட்டிவைக்கலாம், யாருக்கும் உறுத்தாது.

இவற்றின் மேல் வைக்கப்படும் முதல் குற்றச்சாட்டும் அதுதான். ரிக்டரின் அரூப ஓவியங்களுக்குச் சந்தையில் இருக்கும் விலை அந்தச் சந்தேகத்தைக் கூட்டுகிறது. 1986இல் அவர் செய்த ஓர் அரூப ஓவியம் 2015இல் லண்டன் ஏலத்தில் 3 கோடி பவுண்டுக்கு மேல் போயிற்று. அதிலும் இதே கருவி, இதே இழுப்பு, இதே பூச்சு. தலைப்பாக ஒரு கொலைமுகாமின் பெயரைச் சூட்டிவிட்டால் மட்டும் படம் கனம் பெற்றுவிடுமா? 2015இல் ட்ரெஸ்டனில் முதன்முதலாகக் காட்டப்பட்டபோது இவற்றுக்கு ‘அரூப ஓவியங்கள்’ என்பதற்கு மேல் பெயர் இருக்கவில்லை. ‘பிர்கெனாவ்’ பிறகு வந்து சேர்ந்த பெயர். இதையும் அறிந்தவர்கள் கூடுதலாக முகம் சுளிக்கிறார்கள்.

இந்தச் சந்தேகத்துக்குள் இதைவிடப் பழைய கேள்வி ஒன்று உட்கார்ந்திருக்கிறது. உருவமே இல்லாத படத்தில் ஓவியர் வாழ்ந்த வாழ்க்கை எங்கே இருக்கிறது? கண்காட்சிக் கையேடுகளில் இதற்குத் தயாரான பதில் உண்டு. துக்கம் கருப்பாகிறது, கோபம் சிவப்பாகிறது, பிள்ளைப்பருவத்து வயல் பச்சையாகிறது. இந்த அகராதியை நான் நம்புவதில்லை. நிறத்துக்குள் புகுவதற்கு முன்பே வாழ்க்கை செய்முறைக்குள் புகுந்துவிடுகிறது என்பது என் எண்ணம். எதைத் தீட்டலாம், எதைத் தீட்டக் கூடாது, எப்போது மூடுவது, எப்போது சுரண்டுவது, எங்கே நிறுத்துவது என்று கை எடுக்கும் முடிவுகளில்தான் ஒருவர் பட்டதும் பார்த்ததும் வேலை செய்கின்றன. இதைச் சோதித்துப் பார்க்க ‘பிர்கெனாவ்’ தோதான இடம். ஏனென்றால் அந்த நான்கு படங்களுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது நமக்குத் தெரியும்.

அடியில் இருப்பவை நான்கு புகைப்படங்கள். 1944 ஆகஸ்டில் ஆஷ்விட்ஸ்-பிர்கெனாவ் முகாமில் எடுக்கப்பட்டவை. எடுத்தவர்கள் சோண்டர்கமாண்டோ என்ற குழுவைச் சேர்ந்த கைதிகள். நச்சுவாயு அறைகளிலிருந்து உடல்களை வெளியே இழுக்கவும் எரிக்கவும் யூதக் கைதிகளையே பிரித்தெடுத்துக் கட்டாயப்படுத்திய குழு அது. ரகசியமாக உள்ளே வந்த ஒரு கேமராவைக் கொண்டு, ஐந்தாம் எரியூடத்தின் அருகே, காவலர் கண்ணில் படாமல் நான்கு முறை எடுத்தார்கள். கேமராவைப் பிடித்தவர் கிரேக்க யூதர் அல்பெர்டோ எர்ரெரா என்று பெரும்பாலும் கருதப்படுகிறது. பிலிம் ஒரு பற்பசைக் குழாய்க்குள் ஒளிந்து முகாமைவிட்டு வெளியேறி, போலந்து எதிர்ப்பியக்கத்தாரின் கைக்குப் போனது.

முதல் இரண்டு படங்களில் திறந்த வெளியில் உடல்கள் எரிகின்றன, புகை எழுகிறது. அந்தக் காட்சியைச் சுற்றிலும் கனத்த கருப்பு. எடுத்தவர் ஓர் இருண்ட வாசலுக்குள் ஒளிந்து நின்றதால் வாசலின் இருட்டும் படத்தில் விழுந்துவிட்டது. மூன்றாவதில் உடை களைந்த பெண்கள் மரங்களுக்கிடையே நடக்கிறார்கள். படம் கோணலாக, ஒரு மூலையில் மட்டும் அவர்கள். நான்காவதில் மரக்கிளைகளும் வானமும் தவிர எதுவும் இல்லை. குறிபார்க்க நேரமின்றி, கேமராவை உடம்போடு அணைத்துக்கொண்டு அழுத்தியதில் லென்ஸ் மேல்நோக்கித் திரும்பிவிட்டது.

போருக்குப் பிறகு இந்தப் படங்களைப் பயன்படுத்தியவர்கள் பலரும் அவற்றைச் சீராக்கப் பார்த்தார்கள். சுற்றியிருந்த கருப்பை வெட்டினார்கள். கோணலை நிமிர்த்தினார்கள். பெண்களின் உருவத்தைப் பெரிதாக்கித் துலக்கினார்கள். பிரெஞ்சுச் சிந்தனையாளர் ஜார்ஜ் திதி-யூபர்மான் இதை எதிர்த்து எழுதினார். வெட்டி எறிந்த அந்தக் கருப்புதான் எடுத்தவர் நின்ற இடம், அவருக்கிருந்த ஆபத்து, அவரிடம் இருந்த சில நொடிகள். அதை நீக்குவது சாட்சியை நீக்குவது என்பது அவர் வாதம். 2001இல் பாரிஸில் நடந்த ஒரு கண்காட்சியின் நூலில் அவர் எழுதிய கட்டுரை பெரும் சச்சரவைக் கிளப்பியது. ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் ஓடும் ‘ஷோவா’ ஆவணப்படத்தில் ஒரு பழைய காட்சித் துண்டைக்கூடச் சேர்க்காத க்லோத் லான்ஸ்மானின் இதழில் கடுமையான மறுப்புகள் வந்தன. அந்த அழிவுக்குப் படம் இருக்க முடியாது, படம் தேடுவதே பிழை என்றது ஒரு தரப்பு. உயிரைப் பணயம் வைத்து எடுத்துத் தந்த நான்கு படங்களைப் பார்க்க மறுப்பதற்கு நமக்கு உரிமை இல்லை என்றது இன்னொரு தரப்பு. இந்தப் படங்களைப் பற்றிய திதி-யூபர்மானின் நூல் 2003இல் வெளிவந்தது. அதன் ஜெர்மன் பதிப்பைப் பற்றிய செய்தித்தாள் மதிப்புரையோடு வந்த புகைப்படம் 2008இல் ரிக்டரின் கண்ணில் பட்டது. வெட்டியெடுத்துப் பட்டறையில் மாட்டிவைத்தார்.

அந்த நான்காவது புகைப்படத்தில் சற்று நிற்கலாம். கிளைகளும் வெளிச்சமும் மட்டும் உள்ள படம். தனியே எடுத்துப் பார்த்தால் நான்கில் மிகவும் அரூபமானது அதுதான். தகவல் என்று பார்த்தால் மிகவும் ஏழையும் அதுதான். ஆனால் எடுத்தவரின் நிலையை அதைப்போல வேறெந்தப் படமும் சொல்வதில்லை. பார்க்காமல் எடுக்க வேண்டியிருந்த ஒருவரின் உடம்பு அந்தக் கோணலில் இருக்கிறது. என்ன தெரிகிறது என்பதைவிட, எப்படி எடுக்கப்பட்டது என்பதே அங்கே அனுபவத்தைத் தாங்கி நிற்கிறது. உருவமற்ற படம் ஒன்று வாழ்க்கையைச் சுமக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு, ஓவியம் தொடங்குவதற்கு முன்பே அந்தப் புகைப்படம் பதில் சொல்லிவிட்டது.

ஆனால் ரிக்டர் அந்த வாசலில் நின்றவர் இல்லை. அவருடைய அனுபவம் வேறு பக்கத்தைச் சேர்ந்தது. அதுதான் இந்த ஓவியங்களின் சிக்கல்.

1932இல் ட்ரெஸ்டனில் பிறந்தவர். தந்தை பள்ளி ஆசிரியர். நாஜிக் கட்சி உறுப்பினராகவும் இருந்தவர். 1945 பிப்ரவரியில் ட்ரெஸ்டன் குண்டுவீச்சில் எரிந்தபோது ரிக்டருக்கு 13 வயது. அவர் குடும்பம் நகரத்திலிருந்து தள்ளி ஒரு கிராமத்தில் இருந்தது. அம்மாவின் தம்பி ருடி அழகன், வீட்டின் செல்லப்பிள்ளை. ராணுவத்தில் சேர்ந்து 1944இல் செத்துப்போனார். அம்மாவின் தங்கை மரியானவுக்கு மனநோய் என்று முத்திரை குத்தினார்கள். அரசு அவருக்குக் கட்டாயக் கருத்தடை செய்தது. மனநோயாளிகளையும் ஊனமுற்றோரையும் ஒழித்துக்கட்டிய நாஜித் திட்டத்தின் பலிகளில் ஒருவராக, 1945 பிப்ரவரியில் ஒரு மனநல விடுதியில் பட்டினியாலும் மருந்தாலும் கொல்லப்பட்டார்.

1965இல் ரிக்டர் இருவரையும் வரைந்தார். ‘ருடி மாமா’வில் நீண்ட ராணுவ மேலங்கி அணிந்த இளைஞர் சுவரோரம் நின்று சிரிக்கிறார். ‘மரியான சித்தி’யில் ஒரு பதின்வயதுப் பெண், முன்னால் ஒரு கைக்குழந்தை; குழந்தை ரிக்டரேதான். இரண்டும் குடும்ப ஆல்பத்துப் புகைப்படங்களைப் பார்த்து, சாம்பல் நிறத்தில், நுணுக்கமாகத் தீட்டப்பட்டவை. தீட்டி முடித்து வண்ணம் காய்வதற்குள் உலர்ந்த பிரஷால் குறுக்கே தடவிவிட்டார். கூர்மை போய், உருவங்கள் நடுங்குவதுபோல் ஆயின. அதே ஆண்டில் இன்னொருவரையும் வரைந்தார்: மனநோயாளிகளைக் கொன்ற திட்டத்தின் தலைமை மருத்துவர்களில் ஒருவரான வெர்னர் ஹைட அதிகாரிகளிடம் சரணடையும் காட்சி. ஒரே ஆண்டில், ஒரே சாம்பலில், கொல்லப்பட்டவரும் கொன்றவரும். ‘ருடி மாமா’வை, நாஜிகள் அழித்த செக் கிராமமான லிடிசேவுக்காகத் திரட்டப்பட்ட ஓவியத் தொகுப்புக்குக் கொடுத்தார்.

இவற்றையெல்லாம் வரைந்த காலத்தில், புகைப்படங்களைத் தேர்ந்தெடுப்பதில் தனக்குச் சொந்தக் காரணம் ஏதும் இல்லை என்கிற தொனியிலேயே அவர் பேசிவந்தார். பத்திரிகையில் வந்த எந்தப் படமாக இருந்தாலும் சரி, பொருள் முக்கியமில்லை என்றார். நாற்பது ஆண்டுகள் கழித்து, 2005இல் யூர்கன் ஷ்ரைபர் என்ற பத்திரிகையாளர் எழுதிய நூல் அந்தக் குடும்பத்தின் முழுக்கதையையும் வெளியே கொண்டுவந்தது. ரிக்டரின் முதல் மனைவியின் தந்தை ஹைன்ரிஷ் ஓய்ஃபிங்கர் ட்ரெஸ்டனில் மகப்பேறு மருத்துவர், எஸ்எஸ் அதிகாரி. பல நூறு பெண்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்ததில் பங்குள்ளவர். அவரும் கடற்கரையில் குடும்பத்தோடு சிரித்தபடி 1964ஆம் ஆண்டின் ஒரு ரிக்டர் ஓவியத்தில் இருக்கிறார். சித்திக்கு நேர்ந்த கொடுமையைப் போன்றதைப் பிறருக்குச் செய்தவர் வீட்டு மாப்பிள்ளையாக இருந்திருக்கிறார் ஓவியர். வரைந்தபோது இதை அவர் அறிந்திருக்கவில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது அந்தத் தடவல். கை, மனம் அறியாததை அறிந்திருந்தது என்றெல்லாம் மந்திரம் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அதைவிடச் சாதாரணமான விளக்கம் போதும். போருக்குப் பிந்தைய ஜெர்மன் வீடுகளில் எல்லாருக்கும் ஏதோ கொஞ்சம் தெரியும். யாரும் முழுதாகப் பேசமாட்டார்கள். ஆல்பத்தில் படம் இருக்கும். படத்தில் இருப்பவரைப் பற்றிய பேச்சு பாதியில் நின்றுவிடும். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவருக்குக் கூர்மையான படம் பொய்யாகவும், ஒன்றுமே இல்லாத படம் அதைவிடப் பெரிய பொய்யாகவும் தோன்றியிருக்க வேண்டும். பாதி தெரியும்படி விட்டுவைப்பதே அவருக்கு நேர்மையான அளவாக இருந்தது. அந்த அளவு எந்த ஓவியப் பள்ளியிலும் கற்றதில்லை, வீட்டில் கற்றது.

பள்ளிகள் கற்றுக்கொடுத்தவை வேறு. ட்ரெஸ்டன் கலைக் கழகத்தில் அவர் சுவரோவியம் பயின்றார். கிழக்கு ஜெர்மனியின் சோஷலிச யதார்த்தவாதம் கேட்டபடி நம்பிக்கை நிறைந்த மக்களை வரைந்தார். 1959இல் மேற்கு ஜெர்மனியின் காசல் நகரில் நடந்த டாகுமெண்டா கண்காட்சியில் ஜாக்சன் பொல்லாக், லூசியோ ஃபொன்டானா ஆகியோரின் ஓவியங்களைப் பார்த்தது அவரை உலுக்கிவிட்டது. 1961இல், பெர்லின் சுவர் எழுவதற்குச் சில மாதங்கள் முன்பு, மனைவியோடு மேற்கே வந்துவிட்டார். பெற்றோரை அதன்பின் அவர் பார்க்கவே இல்லை. அதுவரை செய்தவற்றை விட்டுவிட்டு, டுசல்டார்ஃபில் மறுபடி மாணவரானார்.

தன் படைப்புகளின் பட்டியலில் முதல் எண்ணை அவர் கொடுத்திருப்பது 1962இல் வரைந்த ‘மேசை’க்கு. பத்திரிகைப் படத்தைப் பார்த்து ஒரு மேசையை வரைந்தார், பிடிக்கவில்லை, கரைப்பானால் நடுவே அழித்துக் குழப்பினார். வெள்ளை மேசையின் மேல் ஒரு சாம்பல் சுழி. அதை எறியாமல், இதுதான் தொடக்கம் என்று எண்ணிட்டு வைத்தார். உருவத்தை வரை, அதன் மேல் கையை வை, இரண்டையும் சேர்த்து விட்டுவை. அடுத்த அரை நூற்றாண்டுக்கான வேலைத்திட்டம் அந்த மேசையிலேயே இருந்தது.

1980 வாக்கில் ஸ்க்வீஜி வந்தது. நம் ஊர் ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறைகளில் மையை இழுக்கும் பட்டையைப் பார்த்தவர்களுக்கு அது புதிதில்லை. ரிக்டருடையது ஆளுயரத்துக்கும் நீளும் பிளாஸ்டிக் தகடு. விளிம்பில் ஆயில் கலரைத் தடவிக் கேன்வாஸின் மேல் வைத்து அழுத்தி, ஓரத்திலிருந்து ஓரம்வரை இழுக்கிறார். கொரின்னா பெல்ஸ் எடுத்த 2011ஆம் ஆண்டு ஆவணப்படத்தில் இந்த வேலையை முழுதாகப் பார்க்கலாம். முதலில் பெரிய பிரஷால் பளிச்சென்ற மஞ்சள், சிவப்பு, நீலம். அப்போதே படம் பார்க்க அழகாக இருக்கிறது. பிறகு தகடு வருகிறது. ஒரே இழுப்பில் அந்த அழகு போய்விடுகிறது. மறுநாள் இன்னொரு பூச்சு, இன்னொரு இழுப்பு. சில இடங்களில் கத்தியால் சுரண்டல். தகடு நகரும் வேகத்தையும் அழுத்தத்தையும் அவர் தீர்மானிக்கலாம். எங்கே ஒட்டும், எங்கே பிய்யும் என்பதை முழுதாகத் தீர்மானிக்க முடியாது. அது அடிப்பூச்சின் ஈரத்தைப் பொறுத்தது. பாதி காய்ந்த பூச்சின் மேல் புதுப்பூச்சு இழுபடும்போது இரண்டும் சேர்ந்து கிழிகின்றன. ஆகவே இந்த வகை ஓவியத்தில் மேலடுக்கு என்பது அடியிலிருப்பதை மறைக்க மட்டும் வருவதில்லை; மறைத்துக்கொண்டே அதைப் பெயர்த்து மேலே கொண்டுவருகிறது.

கருவி கையில் இருந்தும் வதைமுகாம் விஷயத்தில் அவர் பல பத்தாண்டுகள் தோற்றார். அறுபதுகளிலேயே முகாம் புகைப்படங்களைச் சேகரித்துத் தன் ‘அட்லஸ்’ தொகுப்பில் ஒட்டிவைத்திருந்தார், வரையவில்லை. தொண்ணூறுகளின் இறுதியில் பெர்லின் நாடாளுமன்றக் கட்டடத்தின் நுழைவுக்கூடத்துக்கு ஓவியம் கேட்டபோது அந்தப் படங்களை மறுபடி எடுத்துப் பார்த்தார். கைவிட்டு, கருப்பு-சிவப்பு-பொன் என்று தேசியக்கொடியின் நிறங்களில் கண்ணாடிப் பலகைகளைச் செய்து கொடுத்தார்.

இடையில் இன்னொரு படம் வழிகாட்டியது. 2001 செப்டம்பர் 11 அன்று ரிக்டர் நியூயார்க்கை நோக்கிப் பறந்துகொண்டிருந்தார். விமானம் கனடாவின் ஹாலிஃபாக்ஸுக்குத் திருப்பிவிடப்பட்டது. 2005இல் எரியும் கோபுரங்களை வரைந்தார். தீயும் புகையும் எடுப்பாக இருந்த அந்தப் படம் அவருக்குப் பொறுக்கவில்லை. வண்ணத்தைச் சுரண்டி எடுத்தார். மிஞ்சியது 52க்கு 72 செ.மீ. அளவில் ஒரு சிறிய கேன்வாஸ்: மங்கிய நீலம், மங்கிய சாம்பல், நடுவே குறுக்காக ஒரு தேய்மானம். உலகமே தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பப் பார்த்துச் சலித்த காட்சியை, தொலைக்காட்சிப் பெட்டி அளவுக்கே சுருக்கி, அதன் கவர்ச்சியைப் பிடுங்கி எறிந்துவிட்டார்.

‘பிர்கெனாவ்’ செய்த விதமும் இதுதான். நான்கு புகைப்படங்களையும் கேன்வாஸில் ஒளிபாய்ச்சி, கோடுகளைப் பின்பற்றி வரைந்தார். பிறகு வண்ணம் தீட்டினார். 82 வயது மனிதர், எரியும் உடல்களின் விளிம்பைக் கையால் ஒவ்வொன்றாகத் தொட்டுப்போகிறார். வரைந்து பார்த்ததும் அது நிற்காது என்று புரிந்தது. புகைப்படத்தில் ஆபத்தாக இருந்தது ஓவியத்தில் திறமையாகிவிடும். பார்ப்பவர் வரைந்த அழகைப் பாராட்டத் தொடங்கிவிடுவார். எனவே தகட்டை எடுத்தார். அடுக்கு அடுக்காகக் கருப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை. முடிந்தபோது அடியிலிருந்த வரைவில் ஒரு கோடுகூடக் கண்ணுக்குத் தெரியவில்லை.

இங்கேதான் கடுமையான ஆட்சேபம் எழ வேண்டும்; வங்கி வரவேற்பறை என்பது அதன் பக்கத்தில் சாதாரணம். குற்றம் செய்த தலைமுறை போருக்குப் பிறகு செய்ததும் மூடியதுதானே? மேலே வெள்ளையடித்துவிட்டு வாழப் பழகியதுதானே? அந்த வீட்டுப் பிள்ளை ஒருவர், பலியானவர்கள் எடுத்த சாட்சியத்தின் மேல் ஆயில் கலரைப் பூசி மறைக்கும்போது, அது பழைய மறைப்பின் தொடர்ச்சி ஆகாதா?

மூடுவது எப்படியிருக்கும் என்று ரிக்டருக்குத் தன் படைப்பின் மூலமே தெரியும். 1956இல் ட்ரெஸ்டனின் சுகாதார அருங்காட்சியகத்தில் அவர் வரைந்த ‘வாழ்வின் மகிழ்ச்சி’ என்ற பெரிய சுவரோவியத்தின் மேல் 1979இல் சுவர்ப்பூச்சு அடித்துவிட்டார்கள். நாட்டைவிட்டுப் போனவரின் ஓவியம் பல பத்தாண்டுகள் அந்த வெள்ளைக்குள் கிடந்தது; அதன் ஒரு பகுதியை அண்மையில்தான் திறந்திருக்கிறார்கள். சுவர்ப்பூச்சு ஒரு செயலை முடித்துவைக்கிறது. பூசியவர் அடியில் இருந்ததைப் பார்க்க வேண்டியதில்லை. பார்க்காமலிருப்பதற்காகத்தான் பூசுகிறார். பூசிய பின் அங்கே ஒன்றுமே இல்லாததுபோல் சுவர் சமமாக இருக்கிறது.

‘பிர்கெனாவ்’ சமமாக இல்லை. அதன் பரப்பு முழுக்கப் பிய்ந்தும் தடித்தும் வழுக்கியும் கிடக்கிறது. ஏதோ ஒன்று அடியில் இருக்கிறது என்பதை மறைக்கவே முடியாத பரப்பு. மூடுவதற்கு முன் நான்கையும் முழுதாக வரைந்து பார்த்திருக்கிறார். மூடிய பின் அடியில் இருப்பதை ஒளிக்கவில்லை: ஓவியங்களோடு அந்த நான்கு புகைப்படங்களின் பிரதிகளையும் மாட்டச் செய்கிறார், எதிரே சாம்பல் நிறக் கண்ணாடிகளை வைக்கிறார், பார்க்க வந்தவர் தன் முகத்தையும் அந்த அறைக்குள் பார்க்க நேர்கிறது. இந்த ஓவியங்களைச் சந்தைக்கு விடாமல் தன் பெயரிலான அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டார். இப்போது அவை பெர்லினில் நீண்டகாலக் கடனாக இருக்கின்றன. பார்க்காமல் மூடியவர்களுக்கும், பார்த்து முடித்து, அதைத் தன் திறமையின் காட்சியாக ஆக்கிக்கொள்ள மறுத்து மூடியவருக்கும் இடையே உள்ள தூரம் பெரியது. கண்ணுக்குத் தெரியும் செயல் ஒன்றே என்றாலும், முன்னதில் குற்றவாளி தப்பிக்கிறார். பின்னதில் ஓவியர் தன்னையே கட்டுப்படுத்திக்கொள்கிறார்.

இதனால் ஆட்சேபம் முழுதாகத் தீர்ந்துவிடுகிறதா என்றால் இல்லை. பக்கத்தில் புகைப்படங்கள் இல்லாமல், தலைப்பு இல்லாமல் இந்த ஓவியங்கள் நிற்குமா? நிற்காது என்றுதான் நினைக்கிறேன். அதைக் குறையாகச் சொல்கிறவர்கள் ஓவியம் தன்னந்தனியாகப் பேச வேண்டும் என்ற நவீனத்துவத்தின் பழைய நிபந்தனையை வைத்துப் பேசுகிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் அந்தத் தன்னிறைவே ஆணவமாகியிருக்கும். சாட்சி சொல்லும் உரிமை அந்த நான்கு புகைப்படங்களுக்கு உண்டு. ரிக்டருக்கு இல்லை, அவர் மாமன் போட்டிருந்த சீருடை வேறு. சாட்சிக்குப் பக்கத்தில் வாய்மூடி நிற்பது மட்டுமே அவருக்கு இருந்த இடம். ஓவியம் அந்த இடத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறது.

வாழ்க்கை வரலாற்றைச் சாவியாகக் கொண்டு அரூப ஓவியத்தைத் திறக்கும் பழக்கம் நமக்கும் உண்டு. ஓவியர் எஸ். எச். ரசாவின் ‘பிந்து’ (புள்ளி) ஓவியங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் தவறாமல் ஒரு கதையைச் சொல்வார்கள். மத்தியப் பிரதேசக் காட்டுப்பகுதியில் வனத்துறை ஊழியரின் மகனாக வளர்ந்தபோது, கவனம் சிதறிய சிறுவனை ஓர் ஆசிரியர் சுவரில் ஒரு புள்ளி வைத்து அதையே பார்க்கச் சொன்னார் என்ற கதை. ரசாவே சொன்னதுதான். ஆனால் அந்தப் புள்ளி படத்தில் வந்து சேர்வதற்கு முன் அவர் 1950இல் பிரான்சுக்குப் போய், அங்கேயே வாழ்ந்து, நிலக்காட்சிகளைத் தடித்த வண்ணத்தில் குழைத்து, அவை போதாமல் போய், மறுபடி இந்தியாவைத் தேட வேண்டியிருந்தது. சுவரில் வைத்த புள்ளியைக் காட்டிலும் அந்த நீண்ட போதாமைதான் படத்தைச் செய்தது. கதை அழகாக இருப்பதால் போதாமையை நாம் மறந்துவிடுகிறோம்.

ஓவியர் வி. எஸ். கைதொண்டே, படத்தில் வாழ்க்கைக் கதையைத் தேடும் இந்த ஆசைக்கு இடமே கொடுக்கவில்லை. தன் ஓவியங்களை அரூபம் என்று அழைப்பதைக்கூட அவர் விரும்பவில்லை. ரோலராலும் பட்டைக்கத்தியாலும் மெல்லிய பூச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, இடையிடையே எடுத்து, ஆண்டுக்குச் சில படங்கள் மட்டும் செய்தார். மற்ற நேரமெல்லாம் காத்திருப்பு. தனிமையில் வாழ்ந்தார், எண்பதுகளில் நேர்ந்த விபத்துக்குப் பிறகு பெரிய கேன்வாஸ்களில் நெடுநாள் வேலை செய்ய முடியவில்லை. இவை எதையும் அவர் படத்தில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அவசரப்படாத ஒருவரின் நாட்கள் எப்படியிருக்கும் என்பது அந்தப் பூச்சுகளின் மெல்லிய தன்மையிலேயே இருக்கிறது. அவசரக்காரர் அதைச் செய்திருக்க முடியாது.

ரிக்டரிடம் மறுப்பு, ரசாவிடம் போதாமை, கைதொண்டேயிடம் காத்திருப்பு. மூவரின் வாழ்க்கையும் அவர்கள் படங்களில் இருக்கிறது. எதுவும் கதையாக இல்லை. கையின் பழக்கமாக இருக்கிறது. இன்று நம் கண்காட்சிகளில் அடுக்கடுக்காகப் பூசிச் சுரண்டிய கேன்வாஸ்கள் ஏராளம். கூடவே சுவரில் ஒட்டிய குறிப்பில் ஓவியரின் நினைவுகள், இழப்புகள், ஊர். பல நேரங்களில் குறிப்பு ஒன்று சொல்கிறது, பரப்பு வேறொன்றைச் சொல்கிறது: அங்கே எதுவும் கைவிடப்படவில்லை, எதுவும் அழிக்கப்படவில்லை, முதல் பூச்சிலிருந்தே அழகாக இருக்க முயன்ற படம் அது. சொந்த வாழ்க்கையைக் குறிப்பில் எழுதிவிடலாம். பூச்சில் வர வேண்டுமென்றால் அது ஓவியரின் கையை எங்காவது தடுத்திருக்க வேண்டும்.

2017இல் ரிக்டர் கேன்வாஸில் ஓவியம் செய்வதை நிறுத்திக்கொண்டார். 2024 பிப்ரவரியில், அவருடைய 92ஆம் பிறந்தநாளன்று, ஆஷ்விட்ஸ் இருக்கும் போலந்து நகரமான ஒஸ்வியெஞ்சிமில் ‘பிர்கெனாவ்’ வரிசையின் ஒரு பிரதிக்காகவே கட்டிய சிறு மண்டபம் திறக்கப்பட்டது. முகாமைப் பார்த்துவிட்டு வருபவர்கள் அங்கே போகலாம்.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. அடுத்த முறை ஏதாவது ஓர் அரூப ஓவியத்தின் முன் நிற்க நேர்ந்தால், இது என்ன என்று கேட்பதை ஒத்திவையுங்கள். கேன்வாஸின் ஓரத்துக்குப் போய், எந்த வண்ணம் முதலில் போனது, எது பிறகு வந்தது என்று பாருங்கள். இதைச் செய்தவர் எதைச் செய்யாமல் விட்டிருக்கிறார் என்று கேளுங்கள். ஏதாவது ஒரு பதில் தோன்றினால் நேரமெடுத்து நில்லுங்கள். ஒன்றும் தோன்றாவிட்டால், சுவரில் ஒட்டியிருக்கும் குறிப்பு எவ்வளவு உருக்கமாக இருந்தாலும், தயங்காமல் அடுத்த படத்துக்குப் போய்விடலாம்.